சுமை ஏறும்போது

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலைச் சுற்றி எத்தனை ஜெனரேட்டர் ஓடும் என்று சொல்ல முடியாது. வண்டி நெரிசல், பம்பை உடுக்கை, மைக் செட் எல்லாவற்றையும் தாண்டி ஒரு சத்தத்தை மட்டும் என் காது தனியே எடுத்துக்கொள்ளும். லைட் செட்காரர் சுவிட்சைத் தட்டி அலங்கார வளைவு முழுக்க எரியவிடும் நொடியில் டீசல் எஞ்சினின் குரல் ஒரு படி இறங்கும். கொஞ்சம் முக்கும். கவர்னர் டீசலைக் கூட்டிக் கொடுக்கும். பிறகு எஞ்சின் பழைய வேகத்துக்கே வந்துவிடும், குரல் மட்டும் கனத்தே இருக்கும்.

நிமிடத்துக்கு 1500 சுற்று. விளக்கு எரியும் முன்பும் அதுதான், எரிந்த பின்பும் அதுதான். உள்ளே இருப்பது அதே ரோட்டர், அதே காயில். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே மில்லிமீட்டர் கணக்கில் காற்றுதான் இருக்கிறது, எதுவும் எதிலும் உரசவில்லை. அப்படியானால் எஞ்சின் எதைத் தள்ளுகிறது? கூடுதல் டீசல் எதற்குப் போகிறது?

காயில் கட்டுவதுதான் என் பிழைப்பு. இந்தத் தொழிலில் நல்லது கெட்டது எல்லாமே அந்தக் கேள்வியின் பதிலில் அடங்கிவிடுகிறது என்று நம்புகிறேன். காந்தம் காயிலைக் கடந்து போனால் காயிலில் வோல்டேஜ் பிறக்கும் என்பது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. பாடம் வேகமாகத் தாண்டிப் போகும் மறுபாதிதான் எனக்கு முக்கியம். அந்த வோல்டேஜால் கரண்ட் ஓடத் தொடங்கியதும் காயிலே ஒரு காந்தமாகிறது. தன்னைக் கடந்து போகும் காந்தத்தை வரும்போது தள்ளுகிறது, போகும்போது பிடித்து இழுக்கிறது. லென்ஸ் என்பவர் 1834-ல் இதை விதியாக எழுதினார். எஞ்சின் தள்ளுவது இந்த எதிர்ப்பைத்தான். விளக்கில் எரிவது அந்தத் தள்ளலின் கூலி. எதிர்க்காத காயிலிலிருந்து ஒரு வாட் கூடக் கிடைக்காது.

எங்கள் ஊத்துக்கோட்டை சென்னை – திருப்பதி சாலையில், ஆரணியாற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. 1996-லிருந்து கிருஷ்ணா நீர் வருகிற கண்டலேறு – பூண்டி கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஜீரோ பாயின்ட்டும் இந்தப் பக்கம்தான். வேலை இரண்டு திசையிலிருந்து வரும். ஆற்றோரக் கழனிகளிலிருந்து போர் மோட்டார்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமிருந்து கம்பெனி மோட்டார்களும் டிஜி செட் எனும் டீசல் ஜெனரேட்டர்களும். மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் காயில் கட்டுகிறவன் ஒருவனே. கரண்டைக் கொடுத்துச் சுற்றலை வாங்குவது ஒன்று, சுற்றலைக் கொடுத்துக் கரண்டை வாங்குவது இன்னொன்று. இரண்டிலும் ஸ்டேட்டர், இரண்டிலும் ஸ்லாட், இரண்டிலும் எனாமல் ஒயர்.

இந்த உறவைக் கண்டுபிடிக்க உலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. கரண்ட் ஓடும் கம்பி திசைகாட்டி முள்ளைத் திருப்புகிறது என்று 1820-ல் ஓர்ஸ்டெட் காட்டிவிட்டார். கரண்டிலிருந்து காந்தம் வருமென்றால் காந்தத்திலிருந்து கரண்ட் வராதா என்று பலரும் தேடினார்கள். ஜெனீவாவில் கொலாடன் என்பவர் 1825-ல் பெரிய காயில் ஒன்றைச் சுற்றி, அதில் காந்தத்தைச் செலுத்திப் பார்த்தார். காந்தம் நேரடியாக முள்ளை ஆட்டிவிடக் கூடாதே என்று கரண்டைக் காட்டும் கல்வனோமீட்டரை அடுத்த அறையில் வைத்து நீளக் கம்பி இழுத்திருந்தார். காந்தத்தைக் காயிலுக்குள் தள்ளிவிட்டு அடுத்த அறைக்கு நடந்துபோய்ப் பார்த்தார். முள் அசையாமல் நின்றது. அவர் நடந்த அந்த இடைவெளியில் முள் ஆடி அடங்கியிருந்தது. உதவிக்கு ஓர் ஆள் அந்த அறையில் நின்றிருந்தால் இன்று நாம் படிக்கும் பெயர் கொலாடனாக இருந்திருக்கும். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. கவனக்குறைவால் தோற்றவர் அல்ல அவர், கவனம் கூடிப் போனதால் தோற்றவர்.

அந்த முள்ளைக் கண்ணால் பிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் வீட்டுப் பிள்ளை, புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகியவர். 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் தனித்தனிக் காயில் சுற்றி, ஒன்றில் பாட்டரியை இணைத்தார். இணைத்த நொடியிலும் துண்டித்த நொடியிலும் மட்டும் மறு பக்கத்து முள் துடித்தது. இடையில், கரண்ட் ஒரே சீராக ஓடும்போது, ஒன்றுமில்லை. அக்டோபர் 17 அன்று வெறும் காந்தத்தைக் காயிலுக்குள் நுழைத்தும் உருவியும் அதையே காட்டினார். காந்தம் இருப்பதால் மின்சாரம் வருவதில்லை, காயிலுக்குள் காந்தம் மாறிக்கொண்டே இருப்பதால்தான் வருகிறது.

அந்த வளையத்தில் என்னைக் கட்டிப்போடுவது வேறு ஒரு விஷயம். இன்று நாம் கிலோ கணக்கில் வாங்கும் எனாமல் ஒயர் அன்று கிடையாது. வெறும் செம்புக் கம்பிதான். சுற்றுக்குச் சுற்று உரசாமல் இடையில் நூலையும், அடுக்குக்கு அடுக்கு காலிகோ துணியையும் வைத்து ஃபாரடே தன் கையாலேயே கட்டினார். காயில் கட்டியவனுக்குத்தான் அது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று தெரியும். ஓரிடத்தில் இரண்டு சுற்று தொட்டிருந்தாலும் அந்தச் சுற்று தனக்குள்ளேயே வளையமாகி முடிந்துபோகும். இன்றும் எங்கள் வேலையில் செம்பு பாதிதான், மறுபாதி செம்பைச் செம்பிலிருந்து பிரித்து வைப்பது.

எரிந்த ஸ்டேட்டர் ஒன்று மேஜைக்கு வந்தால் முதலில் அதை அவிழ்க்க மாட்டேன், படிப்பேன். விளக்கை உள்ளே விட்டுக் காயில் முனைகளைப் பார்த்தால் நடந்தது எல்லாம் எழுதியிருக்கும். ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் மூன்று பேஸ் காயில்களில் இரண்டு கருகி, ஒன்று மட்டும் புதுசாக மின்னினால் அது சிங்கிள் பேஸில் ஓடி எரிந்தது. லைனில் ஒரு பேஸ் போயிருக்கிறது, மீதி இரண்டும் சுமையைத் தாங்கிக் கருகியிருக்கின்றன. டெல்டா என்றால் தலைகீழ்: ஒரு பேஸ் கருகும், இரண்டு தப்பும். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி வெந்திருந்தால் அதிக லோடு, அல்லது ரோட்டர் இறுகிப்போயிருக்கும். ஒரே ஒரு ஸ்லாட் வாயில் செம்பு உருகி முத்தாகத் திரண்டிருந்தால் அங்கே இன்சுலேஷன் உடைந்து பாடியில் இறங்கியிருக்கிறது.

ஆற்றோர ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் போர் மோட்டாரைத் தூக்கிவந்து இறக்கிவிட்டுக் கேட்டார்: “இன்னா நைனா, ரெண்டு காயில்தானே எரிஞ்சுக்குது. அத்த மட்டும் மாத்திக் குடேன்.”

“பெரியவரே, மீதிக் காயிலும் அதே சூட்டைப் பாத்ததுதான். இன்னைக்கு நல்லா இருக்கிற மாதிரி தெரியும், அடுத்த போகத்துல விட்டுரும். திரும்பக் கிணத்துலேர்ந்து தூக்கற கூலி உங்களுதுதான்.”

“செரி, போர்ல மணல் புகுந்து மாட்டிக்கிச்சின்னா மோட்டார் நின்னுதானே போவணும்? ஏன் எரியணும்?”

நல்ல கேள்வி. ஓடுகிற மோட்டார் தனக்குள்ளேயே ஒரு எதிர் வோல்டேஜை உண்டாக்கிக்கொண்டேதான் ஓடுகிறது. லைனிலிருந்து வரும் கரண்டை அந்த எதிர்ப்புதான் அளவோடு நிறுத்தி வைக்கிறது. மணல் இறுகி ரோட்டர் நின்றுவிட்டால், இரண்டாம் பக்கம் ஷார்ட் ஆன டிரான்ஸ்பார்மரின் நிலைக்கு மோட்டார் போய்விடும். ஓடும்போது எடுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் காயிலில் பாயும். புறப்படும்போதும் அதே கரண்ட்தான் பாய்கிறது, ஆனால் ஓரிரு நொடியில் வேகம் பிடித்துத் தப்பித்துவிடும். நின்ற ரோட்டருக்குத் தப்பிக்க வழியில்லை. பெரியவருக்கு இதை என் வார்த்தையில் சொன்னேன். ஓவர்லோடு ரிலேவையும் சிங்கிள் பேஸ் பிரிவென்டரையும் போடாமல் மோட்டாரைத் திரும்ப இறக்க வேண்டாம் என்றும் சொன்னேன். தண்ணீர் வேண்டிய வேளையில் அவை ‘தேவையில்லாம ஆஃப் ஆவுது’ என்று விவசாயிகள் நேர் கனெக்‌ஷன் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் கடைக்கு வரும் வேலையில் கணிசமானது அப்படி வருவதுதான். அது குறைந்தால் எனக்கு வருத்தமே இல்லை.

பழைய காயிலை எடுப்பதிலேயே வேலையின் தரம் தெரிந்துவிடும். ஸ்டேட்டரைக் குப்பையோடு போட்டு நெருப்பு வைத்தால் வார்னிஷ் எரிந்து காயில் சுலபமாகக் கழன்று வரும், நேரமும் மிச்சம். நான் அதற்கு முழு விரோதி. ஸ்டேட்டரின் இரும்பு ஒரே கட்டி அல்ல. அரை மில்லிமீட்டர் சிலிக்கான் ஸ்டீல் தகடுகள், ஒவ்வொன்றிலும் மெல்லிய பூச்சு. ஏன் தகடு? மாறும் காந்தம் செம்பில் மட்டும் கரண்டை உண்டாக்குவதில்லை, இரும்பிலும் உண்டாக்கும். கட்டி இரும்பாக இருந்தால் அந்தக் கரண்ட் சுழன்று சுழன்று இரும்பையே சூடாக்கும். தகடுகளின் பூச்சுதான் அதைத் துண்டாடி வைக்கிறது. நெருப்பு அந்தப் பூச்சைத் தின்றுவிடும். பிறகு எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் மோட்டார் சும்மா ஓடும்போதே சுடும், மீட்டர் கூட ஓடும். ஒரு பக்க முனைகளை உளியால் வெட்டி, அளவான சூட்டில் இளக்கி, மறுபக்கமாக இழுத்து எடுப்பதுதான் முறை. கை வலிக்கும். பரவாயில்லை.

எடுத்த காயிலில் சுற்றை எண்ணி, கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிக்கொண்ட பிறகுதான் புதுவேலை. ஸ்லாட்டில் மைலார் பேப்பர் மடித்து வைத்து, பார்மரில் சுற்றிய காயிலை ஒவ்வொரு கம்பியாக ஸ்லாட் வாய் வழியே இறக்க வேண்டும். கட்டாக அமுக்கினால் எனாமல் கீறும். கம்பிகள் ஸ்லாட்டுக்குள் ஒன்றை ஒன்று குறுக்கே தாண்டாமல் படுக்க வேண்டும். மேலே மூங்கில் ஆப்பு, பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே பேப்பர், முனைகளுக்கு ஸ்லீவ், நூலால் இறுக்கக் கட்டு. பிறகு சூடாக்கி ஈரம் போக்கி, வார்னிஷில் முக்கி, மறுபடி சூட்டில் காயவைப்பது. வார்னிஷ் பளபளப்புக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. கரண்ட் ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் கம்பிகள் ஒன்றை ஒன்று இழுத்துத் தள்ளி அதிர்கின்றன. கட்டி உறையாத காயில் நாளடைவில் தன்னைத் தானே உரசி எனாமலைத் தேய்த்துக்கொள்ளும். கடைசியில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர். முள் நூறு மெகா ஓமைத் தாண்டி நிற்கும்போது வரும் நிம்மதிக்கு இந்தத் தொழிலில் ஈடு கிடையாது.

சுற்றைக் குறைத்தால் செம்பு மிச்சம் என்று நினைப்பவர்கள் ஆல்டர்னேட்டரிலும் உண்டு. சுற்று குறைந்தால் வோல்டேஜ் குறையும். அதை ஈடுகட்ட, வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆர் பீல்டுக்கு அதிகக் கரண்ட் கொடுக்கும், ரோட்டர் சுடும். எரிவது கடைசியில் வேறு இடமாக இருப்பதால் குற்றவாளி தெரிவதில்லை. காயிலின் அகலமும் அப்படித்தான். 36 ஸ்லாட், நாலு போல் (காந்த முனை) என்றால் முழு அகலம் 9 ஸ்லாட்; காயில் 1-ல் இறங்கி 10-ல் ஏற வேண்டும். டிஜி செட் ஆல்டர்னேட்டரைப் பிரித்தால் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும், அதாவது 1-லிருந்து 7. மோட்டார் மட்டும் கட்டிப் பழகியவருக்கு இது வோல்டேஜை வீணாக்கும் வேலையாகத் தெரியும், திருத்திவிடத் தோன்றும். திருத்தக் கூடாது. அந்த அகலத்தில் மூன்றாம் ஹார்மானிக் தன்னைத் தானே கழித்துக்கொள்கிறது. கழியாவிட்டால் மூன்று பேஸின் மூன்றாம் ஹார்மானிக்கும் நியூட்ரலில் ஒன்றாகக் கூடி நியூட்ரல் கம்பியைச் சூடாக்கும். கொஞ்சம் வோல்டேஜை விட்டுக்கொடுத்து அலையின் வடிவத்தை வாங்கிய அந்த வடிவமைப்பாளரை ஒவ்வொரு முறையும் மனதுக்குள் கும்பிடுவேன்.

காயில் நன்றாக இருந்தும் கரண்ட் வராத ஜெனரேட்டர்களும் வரும். மழைக்காலம் முழுக்க ஓடாமல் கிடந்த செட். எஞ்சின் ஓடுகிறது, மீட்டர் முள் எழவில்லை. பல ஆல்டர்னேட்டர்களில் நிரந்தரக் காந்தம் கிடையாது. ரோட்டரின் இரும்பில் மிச்சமிருக்கும் சொற்பக் காந்தம் சில வோல்ட்டை உண்டாக்கும், அந்தச் சில வோல்ட் பீல்டுக்குப் போய்க் காந்தத்தைக் கூட்டும், கூடிய காந்தம் இன்னும் வோல்டேஜைக் கூட்டும். இந்த ஏணியை 1866, 67-ல் சீமென்ஸ், வீட்ஸ்டன், வார்லி என மூவர் தனித்தனியே கண்டார்கள். முதல் படியான மிச்சக் காந்தம் போய்விட்டால் ஏணி ஏறாது. செட்டை நிறுத்தி, ஏவிஆரிலிருந்து பீல்டு ஒயர் இரண்டையும் கழற்றி, பிளஸ் மைனஸ் மாறாமல் 12 வோல்ட் பாட்டரியைச் சில நொடி தொட்டு எடுத்தால் போதும். இரும்பு மறந்ததை நினைவுக்குக் கொண்டுவருகிறது. திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தால் வோல்டேஜ் கிடுகிடுவென ஏறும்.

கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போகும்போது நான் நின்று பார்க்காமல் வராத இடம் இண்டக்‌ஷன் பர்னஸ். பழைய இரும்பை உருக்கிப் பில்லட்டாகவும் கட்டடக் கம்பியாகவும் ஆக்கும் ஆலைகள் அங்கே பல. உள்ளே இருப்பதும் காயில்தான், ஆனால் கம்பியல்ல, உள்ளீடற்ற செம்புக் குழாய். அதற்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். செம்பு 1085 டிகிரியில் உருகும், இரும்பு 1538 டிகிரியில். செம்பால் ஆன ஒரு காயில், தானே உருகிப்போகும் சூட்டைக் கடந்த இரும்பை நடுவில் வைத்துக்கொண்டு, தான் குளிர்ந்து நிற்கிறது. நடுவே சூடு தாங்கும் சில அங்குல ராமிங் மாஸ் லைனிங் மட்டும்.

அங்கே தீ இல்லை, காந்தம் எதையும் யாரும் சுழற்றுவதுமில்லை. காயிலில் ஓடும் கரண்ட் நொடிக்குப் பல நூறு முறை திசை மாறுகிறது, காந்தப்புலமும் கூடவே மாறுகிறது. ஸ்க்ராப் இரும்புக்குள் கரண்ட் தானாகப் பிறந்து சுழன்று அதை உள்ளிருந்தே சூடேற்றுகிறது. ஃபாரடேயின் வளையத்தில் பாட்டரியை இணைத்த நொடியிலும் துண்டித்த நொடியிலும் நடந்தது, இங்கே இடைவிடாமல் நடக்கிறது. ஸ்டேட்டர் தகடுகளுக்குள் நான் பூச்சு வைத்துத் தடுக்கப் பாடுபடும் அதே சுழல் கரண்டை இங்கே வேண்டுமென்றே வளர்த்து வேலை வாங்குகிறார்கள். இரும்பு 770 டிகிரியைத் தாண்டும்போது தன் காந்த குணத்தை இழந்துவிடும்; பேனலில் மீட்டர்கள் அதைக் காட்டும். உருகிய பிறகு பாருங்கள், இரும்பு சும்மா கிடக்காது. காயிலின் காந்தப்புலம் அதைத் தள்ளுவதால் நடுவில் மேடிட்டு எழுந்து, ஓரத்தில் வழிந்து, தன்னைத் தானே கலக்கிக்கொண்டிருக்கும். லென்ஸின் எதிர்ப்பைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அருகில் வேலை செய்பவர்கள் எப்போதும் லைனிங் மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். லைனிங் தேய்ந்து இரும்பு காயிலைத் தொட்டால் குழாய் உடையும், தண்ணீரும் உருகிய இரும்பும் சந்திக்கும். அந்த வெடிப்பு யாரையும் விடாது. வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பும் செய்வது இந்த வேலைதான், ஆபத்து மட்டும் இல்லை.

இவ்வளவுக்கும் கரண்ட் வருவது வெகு தூரத்திலிருந்து அல்ல. கடற்கரைப் பக்கம் அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம், பக்கத்தில் வல்லூர். வட சென்னையின் பழைய மூன்று அலகுகள் தலா 210 மெகாவாட், வல்லூரின் மூன்றும் தலா 500. அங்கே ரோட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று. லைட் செட்காரரின் ஆல்டர்னேட்டர் நாலு போல், அதனால் 1500. இது இரண்டு போல், அதனால் 3000. இரண்டிலும் பிறப்பது 50 ஹெர்ட்ஸ். நாங்கள் ஸ்லாட்டில் மெல்லிய கம்பியைச் சுற்றுச் சுற்றாக இறக்குகிறோம். அங்கே கை கனத்துக்குச் செம்புப் பார். ஆனாலும் கும்மிடிப்பூண்டியில் ஒரு பர்னஸ் ஆன் ஆகும்போது அந்த ராட்சத ரோட்டர்களும் இம்மி அளவு கூடுதல் எதிர்ப்பை உணரத்தான் செய்கின்றன. அதை ஈடுகட்டும் வேலை நீராவிக்கு.

சின்ன அளவில் இதே சங்கதி நம்மைச் சுற்றி எங்கும் உண்டு. மேடையில் பேசுகிறவர் பிடித்திருக்கும் மைக்கில் மெல்லிய சவ்வோடு ஒட்டிய குட்டிக் காயில் காந்தத்துக்குள் ஆடுகிறது. ஸ்பீக்கரில் அதே அமைப்பு தலைகீழாக வேலை செய்கிறது. கார்டைத் தேய்க்கும் மெஷினில் கறுப்புப் பட்டையின் நுண்காந்தங்கள் ஒரு காயிலைக் கடந்து போகின்றன. மெதுவாக இழுத்தால் படிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்: மாற்றம் மெதுவானால் வோல்டேஜ் சிறுக்கும். பழைய சைக்கிள் டைனமோவில் சுற்றியது காந்தம், காயில் நிலையாக நின்றது. ஏற்றம் வந்தால் அதை டயரிலிருந்து விலக்கிவிட்டு மிதித்த தலைமுறைக்கு மின்சாரத்தின் எடை காலிலேயே தெரிந்திருந்தது. டயர் உரசும் பாரம் அதில் உண்டுதான், ஆனால் விளக்கின் பங்கும் உண்டு.

இப்போது கடைக்குப் புதிதாக வருவது பாட்டரி ஸ்கூட்டர்களின் ஹப் மோட்டார். சக்கரத்துக்குள்ளேயே காந்தமும் காயிலும். வண்டி தள்ளவே வரவில்லை, பிரேக் பிடித்த மாதிரி இருக்கிறது என்று கொண்டுவருவார்கள். வேலை பழகும் பையன் ஒருவன், “பேரிங் போயிருக்கும்ணா, பிரிச்சிடலாமா?” என்று ஸ்பேனரோடு வந்தான்.

“இருடா. முதல்ல கன்ட்ரோலர் பக்கம் போற மூணு ஒயரையும் கழட்டிட்டுச் சுத்து.”

மஞ்சள், பச்சை, நீலம் மூன்றையும் கழற்றினான். சக்கரம் விசுக்கென்று சுற்றியது. கன்ட்ரோலருக்குள் எங்கோ ஷார்ட். கையால் சுற்றும்போதே காயிலில் கரண்ட் பிறந்து அந்த ஷார்ட் வழியாக ஓடி, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. கழற்றிய பிறகும் இறுக்கம் தொடர்ந்திருந்தால்தான் காயில் ஷார்ட்டையோ பேரிங்கையோ சந்தேகப்பட வேண்டும். மூன்று முனைகளையும் வெறுமனே ஒன்றாகப் பிடித்துக்கொண்டு திரும்பச் சுற்றச் சொன்னேன். சக்கரம் மறுபடி கனத்தது. விட்டதும் லேசானது. பிடித்தும் விட்டும் அவன் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலை இருந்தும் நான் அவனைத் தடுக்கவில்லை.